இருநூற்றுப் பதினோராம் எண் பொன்னியம்மாள்

இதை நான் எங்கும் படிக்கவில்லை, யார் வாயாலும் கேட்கவில்லை. எனக்கே நடந்தது. 1978 ஜூன் 17, சனிக்கிழமை, மாலை 6.10.

அப்போது நான் சென்னையில் எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. சொந்த ஊர் காஞ்சிபுரம் பக்கத்தில் கூரம். அந்த வருடம்தான் எங்கள் பேராசிரியர் 'ரிலேஷனல்' முறை என்ற புதுப் பாடத்தைத் தொடங்கினார். எல்லாத் தகவலையும் டேபிள்களாகக் கம்ப்யூட்டரில் வைப்பது. ஆளுக்கு ஒரு வரிசை, வரிசைக்கு ஓர் எண். ஒரே ஆள் இரண்டு வரிசையில் வரவே கூடாது. வந்தால் மார்க் போயிற்று.

ப்ராஜெக்டுக்கு நிஜமான பட்டியல் ஒன்று வேண்டும். காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் சங்கம்... பெயர் வேண்டாம். உறுப்பினர்களுக்கு வீடு கட்டி முடிக்கும் நிலையில் இருந்தார்கள். மேனேஜர் கலியாணசுந்தரம் 412 பேர் கொண்ட ரிஜிஸ்தரை என் முன்னால் போட்டார்.

"சுத்தமா ஒரு லிஸ்ட் எழுதிக் குடுப்பா. அத வச்சே வீட்ட ஒதுக்கிடறோம்."

வெள்ளிக்கிழமைதான் முதல் நாள். சாயங்காலத்துக்குள் ஓரிடத்தில் இடறியது. 211, பொன்னியம்மாள், கணவர் வீராசாமி. 318, பொன்னியம்மாள், கணவர் வீராசாமி. தெருவும் அதே தெரு.

"சார், இது ஒரே ஆளா?"

அவர் தலையைத் தூக்கவில்லை. "ஒரே ஆளாத்தான் இருக்கும். ஒண்ண அடிச்சிடு."

அந்தத் தெரு பத்து நிமிட நடை. போய்க் கேட்டிருக்கலாம். வெயிலாக இருந்தது, போகவில்லை. 318-ஐச் சிவப்பு மையால் அடித்தேன். அவர் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. 5.50-க்கு மேனேஜர் டீ குடிக்கக் கிளம்பினார். "நாய் பூந்துடுது. வெளிய பூட்டிக்கினு போறேன். அரை மணியில வந்துடுவேன்."

பூட்டு விழுந்த சத்தம் கேட்டது. உள்ளே நான் மட்டும். ஒரு கதவு. உயரத்தில் கம்பி போட்ட ஒரு ஜன்னல். தெரு முழுக்கத் தறிகள்... தடக், தடக்.

6.10. தறிச் சத்தம் நின்றது.

ஒரு வீட்டில் இல்லை. தெரு முழுக்க, ஒரே சமயத்தில். கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தேன். கைத்தறிக்கு ஏது கரண்ட்?

மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் மேஜையில் காகிதங்கள் அசையவில்லை.

"தம்பி..."

எதிரே ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும். தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் போடும் கஞ்சி வாசனை. மேனேஜர் கதவைத் திறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"எம் பேரு இருக்குதா பாரு. பொன்னியம்மா. வீராசாமி ஊட்டுக்காரி."

"இருக்குதும்மா. 211."

"எடுத்துடு."

"என்னது?"

"என்ன எடுத்துட்டு அவளப் போடு."

"அப்படில்லாம் மாத்த முடியாதும்மா. மேனேஜரக் கேளுங்க."

அவள் விரல் காகிதத்தின் மேல் வந்தது. 211-இன் மேல் நின்றது.

"எனக்கு எதுக்குப்பா வீடு?"

குனிந்து அந்த வரியைப் பார்த்தேன். நிமிர்ந்தேன்.

யாரும் இல்லை.

கதவை இழுத்தேன். வரவில்லை.

வெளியே பூட்டு... ஆடியது.

6.13. தடக், தடக்.

மேனேஜர் வந்ததும் சொன்னேன். சிரித்தார். "ரெண்டு நாளா எழுதிக்கினே இருக்கிற இல்ல... கண்ணு கட்டிடுச்சு."

அப்போதெல்லாம் கம்ப்யூட்டருக்கு எதையும் அட்டையில் துளைகளாகக் குத்தித்தான் கொடுக்க வேண்டும்; அடுத்த வாரம் சென்னையில் ஆளுக்கு ஒன்றாக 411 கார்டுகளைக் குத்தினேன். ஒவ்வொன்றையும் சரிபார்த்தேன். கம்ப்யூட்டர் அச்சடித்த தாளில் 211 என்ற எண் இருந்தது. அதற்கு நேரே பெயர் இல்லை. கணவர் இல்லை. தெரு இல்லை.

கம்ப்யூட்டர் அறையில் இருந்த அர்ஜுனன் அந்தக் கார்டை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். "நம்பர் மட்டுந்தாம்ப்பா குத்தியிருக்குது. மிச்சம் வெறுமையா இருக்குது."

தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. குத்திய துளை எப்படி மூடும்?

அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். மறுநாள் காலை ப்ராஜெக்டைக் கொடுக்க வேண்டும். புதுக் கார்டை எடுத்தேன். பொன்னியம்மாள், வீராசாமி... மறுபடியும் குத்தினேன். 411 வரிசை, ஒரு குறையும் இல்லை. முதல் வகுப்பு கொடுத்தார்கள். பட்டியலின் ஒரு பிரதி காஞ்சிபுரத்துக்குப் போயிற்று.

அக்டோபரில்தான் அந்தத் தெருவுக்குப் போனேன். பொன்னியம்மாள் வீடு என்று கேட்டேன். பாவு பிணைத்துக்கொண்டிருந்த ஒருத்தி எழுந்து வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. இடுப்பில் ஒரு குழந்தை, முந்தானையைப் பிடித்துக்கொண்டு இரண்டு.

"நாந்தான் பொன்னியம்மா. என்னா வேணும்?"

"211..."

"அது பெரிய பொன்னிக்கா. அவங்க வூட்டுக்காரர் பேரும் வீராசாமிதான். என்ன சின்ன பொன்னின்னுவாங்க. அக்கா செத்து ரெண்டு வருசம் ஆவுதே."

செத்தவளை வைத்துக்கொண்டு, இருப்பவளை அடித்திருக்கிறேன். பெரிய பொன்னி பேரில் ஒதுக்கிய வீட்டில் மேனேஜரின் மச்சான் குடியிருந்தான். இவள் மூன்று பிள்ளைகளோடு ஒண்டுக்குடித்தனத்தில்.

மேனேஜரிடம் போய்க் கெஞ்சினேன். "லிஸ்ட் நீ போட்டதுதானேப்பா" என்றார்.

திரும்பி வந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மாலையையும். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் பயப்படக்கூட இல்லை.

"எங்கிட்டயும் வந்தாங்கப்பா. 'ஒரு பையன் உம் பேர அடிச்சிட்டான். அந்த வீட்ட நம்பிக்கினு இருக்காத'ன்னு சொல்லிட்டுப் போனாங்க."

"எந்த நாள்?"

"ஆனி பொறந்த அன்னிக்கு. வியாழக்கிழம."

நான் அடித்தது அதற்கு மறுநாள், வெள்ளிக்கிழமை.

வியாழக்கிழமை நான் சென்னையில் இருந்தேன். அந்த ரிஜிஸ்தரைக் கண்ணால்கூடப் பார்த்திருக்கவில்லை.