பேர் சொல்லி ஜெபித்தார்கள்

வாட்ஸ்அப்பில் கைகூப்பும் பொம்மையைப் பார்த்தாலே எனக்கு இன்னும் குமட்டுகிறது.

என் மகள் திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி இன்டர், அதாவது ப்ளஸ் டூ, படித்துக்கொண்டிருந்தாள். பிறந்தநாள் என்று சொல்லி வகுப்புப் பெண்கள் அவளைப் பக்கத்தில் சந்திரகிரிக் கோட்டைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே கைக்குட்டையைப் பெயின்ட் தின்னரில் நனைத்து முகரச் சொல்லியிருக்கிறார்கள். பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்ததும் இவளும் முகர்ந்துவிட்டாள். உளறினாள், தன் மேலேயே வாந்தி எடுத்தாள். துடைத்துவிட ஒரு கை நீளவில்லை, படம் பிடிக்க மட்டும் அத்தனை கைகள். அன்று சாயங்காலமே அது சிரிப்புச் சத்தத்தோடு இன்ஸ்டாகிராமில் ஓடியது. அவள் முகத்தை ஸ்டிக்கராக்கி, ஆளுக்கு ஆள் அனுப்பி விளையாடினார்கள். சீ, இதுகளும் பிள்ளைகளா!

காலேஜில் கூப்பிட்டுக் கண்டித்ததும் பயந்துபோய் எல்லாவற்றையும் அழித்தார்கள். மகளைச் சித்தூருக்குக் கூட்டிவந்தோம். பல நாள் சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தாள். பிறகு அவளாகவே எழுந்து, "திங்கக்கெழம போறேம்மா, பரீட்ச வருது" என்றாள். பையையும் அவளே அடுக்கினாள். எனக்கு உயிர் வந்தது.

எங்கள் சபையில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. யாருக்காக ஜெபித்தாலும் பேர், தகப்பன் பேர், இடம் எல்லாம் சொல்லித்தான் ஜெபிக்க வேண்டும். பொத்தாம்பொதுவாகக் கேட்டால் மனதில் பாரம் வராதாம். பெண்கள் ஜெபக் குழுவை நடத்துவது என் நாத்தனார். காலேஜில் காட்டுவதற்காக நாங்கள் வாங்கி வைத்திருந்த வீடியோவை, என் வீட்டுக்காரர், தன் அக்காவாயிற்றே என்று அவருக்கு அனுப்பியிருந்தார்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெண்கள் என் மகளைச் சூழ்ந்துகொண்டு கன்னத்தைத் தடவினார்கள். "இப்ப நல்லா கீறியாம்மா? அந்தப் பழக்கம் உட்டுப்போச்சா?" எனக்குச் சுருக்கென்றது. ஒருத்தியின் போனை வாங்கிப் பார்த்தேன். குழுவில் அந்த வீடியோ. கீழே மகளின் பேர், அவள் அப்பா பேர், காலேஜ், ஹாஸ்டல். 'போதையிலிருந்து இந்தப் பிள்ளை விடுதலையாகப் பாரத்தோடு ஜெபியுங்கள்.' அதன் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். நடுவில் ஒரு புண்ணியவதி கேட்டிருந்தாள்: 'முழுசா ஓடல சிஸ்டர், மறுபடி அனுப்புங்க.'

நாத்தனாரிடம் நேராகப் போய்க் கேட்டேன்.

"நான் இன்னா, தெருவுல சொல்லிக்கினா திரியறேன்? ஜெபத்துக்குத்தான போட்டேன்? பேர் இல்லாம எப்பிடி ஜெபிக்கிறது?" என்றார். முகத்தில் துளி வெட்கம் இல்லை. ஆராதனைக்குக் கட்டிவந்த அந்த வெள்ளைப் புடவையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

அன்று சாயங்காலம் மகளின் போன் சத்தம் போட்டது. எங்கள் ஜெபக் குழுவிலிருந்து கைமாறிக் கைமாறி, அந்த வீடியோ திருப்பதியில் அவள் வகுப்புக் குழுவுக்கே போய்ச் சேர்ந்திருந்தது, ஜெப விண்ணப்பத்தோடு. சிரிப்புப் பொம்மைகள் மறுபடியும் கொட்டத் தொடங்கின.

அவள் அழவில்லை. பையைத் திறந்து துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள்.

"அந்தப் பொண்ணுங்க அவ்ளோ பண்ணாங்கம்மா. ஆனா எம் பேரையும் நைனா பேரையும் போடல."