சாட்டி மணலில் அணைத்த பொத்தான்

ஐப்பசிக் கடைசியில், மழை விட்ட ஒருநாள் நயினாதீவுக்குப் போய்வந்தோம். என் தங்கை வாணிக்கு எட்டு வருடம் காத்திருந்து பிறந்த மகனுக்கு அம்மன் கோயிலில் முதற்சோறு வாயில் தீத்துவதாக நேர்த்திக்கடன். மதியப் பூசைக்கு முன்னர் வந்துவிடும்படி ஐயர் சொல்லியிருந்தார். கைக்குழந்தையோடு பஸ்ஸில் நெரிபடுவானேன், காரில் போவோம் என்றது நான்தான்.

காரைப் பற்றிச் சொல்லவேண்டும். என் கணவர் போன வருடம் வாங்கிய பழைய ஜப்பான் கார், பின்சில்லு இழுக்கிற வகை, எஞ்சினின் விசை பின் சக்கரங்களுக்குத்தான் போகும். இவருக்கு அதில் தனிப் பெருமை. வன்னிச் சேற்றில் வான் வண்டி ஓடிப் பழகினவராம், ஆகவே ஸ்டெபிலிட்டி கொன்ட்ரோல் என்ற சங்கதியைக் கண்ணில் காட்டக்கூடாது. கார் வழுக்கத் தொடங்கினால் தேவையான சில்லுக்குத் தானாகவே பிரேக் போட்டு, எஞ்சினின் இழுவையையும் குறைத்து நேர்ப்படுத்துகிற ஏற்பாடு அது. "கார் எனக்கு வாத்தியாரோ?" என்பார்.

யாழ்ப்பாணத்திலிருந்து காலை ஏழரைக்குப் புறப்பட்டோம். படகு ஏறும் குறிகட்டுவான் துறை ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர். வழியில் சாட்டிக் கடற்கரையில் குழந்தைக்குப் பால் கொடுக்க நிழல் தேடி, இவர் காரை மணலுக்குள் விட்டார். திரும்ப எடுத்தால் அசைய மாட்டேன் என்றது. சில்லு சுழலத் தொடங்கியதுமே அந்த ஏற்பாடு இழுவையைக் குறைத்துவிடுகிறது, மணலிலோ கொஞ்சம் சுழன்றால்தான் ஏறும். இவர் பொத்தானை அழுத்தி அதை அணைக்க, கார் மணலை வாரி இறைத்துக்கொண்டு ஏறியது. அதுவரை சரிதான். தார் றோட்டுக்கு வந்ததும் திரும்பப் போட்டிருக்கவேண்டும். அது அணைந்திருக்கிறது என்று மஞ்சள் விளக்கு எரிவதை நான் காட்டினேன்.

"இப்பதான் காருக்குச் சீவன் வந்திருக்கு. பேசாமல் இரும்."

வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகும் றோட்டில் இரண்டு பக்கமும் கடல். எதிரே பஸ் வந்தது. இவர் ஓரத்துக்கு ஒதுங்கி, பஸ் போனதும் அக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்தார். ஓரமெல்லாம் ஈர மணல். காரின் பின்பக்கம் கடலை நோக்கி வீசிக்கொண்டு போனது. இவர் காலை எடுத்து, ஸ்டியரிங்கை வால் போன பக்கமே வெட்டித்தான் நிறுத்தினார். கார் றோட்டுக்குக் குறுக்கே நின்றது. பின்சில்லுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும். எனக்குப் பத்திக்கொண்டு கோபம் வந்தது. வாணி குழந்தையை நெஞ்சோடு அமத்தியபடி கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். இவர் பொத்தானை அழுத்த, மஞ்சள் விளக்கு போனது.

படகு இருபது நிமிடம். பூசைக்கு முன்னரே போய்ச் சேர்ந்தோம். முதல் வாய்ச் சோற்றைத் துப்பிய பயல், இரண்டாவதற்கு ஐயரின் விரலையே கடித்தான். வாணி சிரித்துக்கொண்டே அழுதாள்.

திரும்பிக் குறிகட்டுவானில் இறங்கியபோது யாழ்ப்பாண பஸ் ஆட்களை அடைத்துக்கொண்டு நின்றது. வாணி நேரே அதை நோக்கி நடந்தாள். இப்போது எல்லாம் போட்டிருக்கிறது, இனிப் பயமில்லை என்று இவர் பின்னாலேயே போய்க் கெஞ்சினார். அவள் நின்றாள்.

"கோவியாதேங்கோ அத்தான். பிள்ளையோடை என்னாலை ஏலாது. அக்கா கார் ஓடினால் வாறன்."

நான் அந்தக் காரைச் சந்தைக்கு அப்பால் ஓடியதில்லை. இவர் என்னைப் பார்த்தார், வாணியைப் பார்த்தார், கார்த் திறப்பை என் கையில் வைத்தார்.

இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்கு: பின்சில்லுக் கார் என்றால் மழைக்காலத்தில் அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள். மணலில் புதைந்தால் மட்டும் அணையுங்கள், தாரில் ஏறியதும் விளக்கைப் பாருங்கள். அதற்காக அதை நம்பிப் பறக்கவும் வேண்டாம். தேய்ந்த ரயருக்கும் கண்மண் தெரியாத வேகத்துக்கும் அதனிடம் மருந்தில்லை. படகுக்கு அரைமணி நேரம் முன்னதாகவே புறப்பட்டால் அவசரமும் இல்லை.

அதே கடல் றோட்டில் எதிரே லொறி வந்தது. நானும் ஒதுங்கினேன். மணலில் பின்சில்லு நழுவுவது இருக்கையில் தெரிந்தது. மஞ்சள் விளக்கு இரண்டுதரம் சிமிட்டியது, அடியில் கிர்ரென்று ஒரு சத்தம், கார் தானாகவே பிரேக் பிடித்து நேராகிவிட்டது. பக்கத்திலிருந்த இவர் விளக்கையும் கண்டார், என்னையும் கண்டார். பின்னால் வாணி மகனுக்குக் கொக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றுமே தெரியாது.