வெள்ளை வேன் வெர்னா

எங்கள் ஊரில் அவசர எண்ணைக் கூப்பிட்டால் ஒரு காலத்தில் நான்கு விதமான ஆட்கள் வருவார்கள். திருட்டு, அடிதடி என்றால் போலீஸ். தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி. நெஞ்சுவலி என்றால் ஆம்புலன்ஸ். ஒருவர் நடுத்தெருவில் நின்று தனக்குத்தானே கத்திக்கொண்டிருக்கிறார், பாலத்துச் சுவரில் ஏறி உட்கார்ந்திருக்கிறார், உள்ளே தாழ் போட்டுக்கொண்டு அழுகிறார் என்றால் எங்கள் வெள்ளை வேன். அதில் இரண்டு பேர் இருப்போம். முதலுதவிப் பையோடு நான். கையில் எதுவும் இல்லாமல் வெர்னா ஹால்வர்சன்.

எங்களிடம் துப்பாக்கி கிடையாது, கைவிலங்கு கிடையாது, சீருடைகூடக் கிடையாது. வெர்னா எப்போதும் முழங்கை தேய்ந்த ஒரு பச்சை ஸ்வெட்டர் போட்டிருப்பார். அமெரிக்காவின் ஓரிகனில் வருடத்தில் பாதி நாள் மழை என்பதால் காலில் ரப்பர் பூட்ஸ். பார்ப்பவர்கள் யாரோ வழி கேட்க வந்திருப்பதாகத்தான் நினைப்பார்கள். அதுவே பாதி வேலையை முடித்துவிடும்.

அவர் படித்து இந்த வேலைக்கு வந்தவர் இல்லை. ஒட்டுப்பலகை மில்லில் இருபது வருடத்துக்குக் கிட்ட வேலை பார்த்தவர். மில் மூடியபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கணவர் அதற்கு முன்பே வேறொரு ஊரில் வேறொரு குடும்பமாகியிருந்தார். வேனுக்கு ஆள் எடுத்தபோது, "இதுக்கு உங்களுக்கு என்ன அனுபவம்?" என்று கேட்டிருக்கிறார்கள். "ரம்பத்துகிட்ட பக்கத்துல நிக்கிறவன் முகத்தைப் பாத்தே, இன்னைக்கு இவன் விரலை விட்டுடுவானோன்னு தெரிஞ்சுக்கணும். அது தெரியும். வேற எதுவும் தெரியாது" என்றாராம்.

மில் இரைச்சல் அவருடைய இடது காதைப் பாதிக்கு மேல் வாங்கிக்கொண்டது. அதனால் யார் பேசினாலும் தலையைச் சாய்த்து, வலது காதைக் கொடுத்து, உதட்டைப் பார்த்துக்கொண்டே கேட்பார். உலகத்தில் வேறு யாருமே இல்லாத மாதிரி கேட்பார். வருடக்கணக்காக யாரும் காது கொடுக்காத மனிதர்களுக்கு அது என்ன செய்யும் என்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். காசு போட்டுத் துணி துவைக்கும் கடை ஒன்றிலிருந்து அழைப்பு. சட்டையில்லாத ஒரு பெரிய மனிதர் எல்லா மெஷின் கதவுகளையும் திறந்து போட்டுவிட்டு, யாரையும் உள்ளே விடாமல் கத்துகிறார் என்றார்கள். நாங்கள் போவதற்குள் போலீஸ்காரர் ஒருவர் வந்து வாசலில் நின்றிருந்தார். சின்ன வயது. வலது கை இடுப்பில் துப்பாக்கியின் மேல் இருந்தது.

வெர்னா அவர் பக்கத்தில் போய் நின்று, கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார்.

"தம்பி, காலையில சாப்பிட்டியா?"

"என்னம்மா?"

"எதுத்தாப்புல டோனட் கடை திறந்திருக்கு. போய் ஒன்னு சாப்பிடு. இந்தக் கை இங்கயே இருந்தா அவர் அதை மட்டும்தான் பாப்பாரு. என் மூஞ்சியைப் பாக்கமாட்டாரு."

"அவரு என்னை விட ரெண்டு மடங்கு இருக்காரு."

"என்னை விட மூணு மடங்கு. போப்பா. கூப்பிட்டா வா."

அவர் போகவில்லை. ஆனால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய் நின்றார். அது போதும்.

உள்ளே இருந்தவர் பெயர் லீலண்ட். பள்ளிப் பேருந்து ஓட்டியவர். பெயரைத் தெரிந்துகொள்ளவே நெடுநேரம் ஆனது. வெர்னா நின்றுகொண்டு பேசவில்லை. போன உடனே ஈரத் தரையில் சுவரோரமாகச் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்த்து, "டாக்டரே, நீயும் உக்காரு. மரம் மாதிரி நிக்காத" என்றார். நான் டாக்டர் இல்லை. என் பையைப் பார்த்து அவர் வைத்த கேலிப் பெயர் அது.

"இங்கேருந்து போ! அவ பேசறது கேக்கல!" என்று லீலண்ட் கத்தினார்.

"யாரு பேசறாங்க?"

"ரூத்."

"உங்க வீட்டுக்காரம்மாவா?"

அவர் துணி உலர்த்தும் ட்ரையர் ஒன்றின் வட்டக் கதவைப் பிடித்துக்கொண்டு தலையை உள்ளே விட்டார். "இதுக்குள்ளேருந்து பேசறா. ஆஸ்பத்திரியில செத்துட்டான்னு சொல்றாங்க. அப்ப இது யாரு?"

நானாயிருந்தால் அங்கே யாரும் இல்லை ஐயா என்று சொல்லியிருப்பேன். வெர்னா தலையைச் சாய்த்தார்.

"எனக்கு ஒரு காது அவுட்டு. எனக்குக் கேக்கல. நீங்கதான் சொல்லணும். என்ன சொல்றாங்க?"

கத்தல் நின்றது. ட்ரையருக்குள் வெகுநேரம் உற்றுக் கேட்டார்.

"குளுருதுன்னு சொல்றா."

"உங்களுக்கு?"

அவருடைய வெற்று முதுகு முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்தது. வெர்னா கையை மட்டும் பின்னால் நீட்டினார். நான் வேனிலிருந்து ஒரு போர்வையை எடுத்து வந்து கொடுத்தேன். "லீலண்ட், இந்தப் போர்வையை இதுக்குள்ள போட்டுச் சூடு பண்ணலாமா? ரூத்துகிட்டக் கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

லீலண்ட் விலகி நின்றார். நான் காசு போட்டேன். ட்ரையர் சுற்றத் தொடங்கியது. நாங்கள் மூவரும் கண்ணாடிக்குப் பின்னால் போர்வை புரள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நின்றதும் வெர்னா அந்தச் சூட்டோடு எடுத்து அவர் தோளில் போர்த்தினார். அந்தப் பெரிய உடம்பு அப்படியே மடிந்து தரையில் உட்கார்ந்தது. அதன்பிறகு அவர் அழுதது கத்தல் இல்லை. கணவன் மனைவிக்காக அழுகிற அழுகை.

மதியத்துக்குள் அவரை ஒரு தங்குமிடத்தில் சேர்த்தோம். சூப் குடித்தார். நாங்கள் கிளம்பும்போது வெர்னாவின் ஸ்வெட்டர் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கு வருவீங்கல்ல?" என்றார்.

"நாளைக்கு வேற யாராவது வருவாங்க. நல்லவங்கதான்" என்றார் வெர்னா.

எங்கள் வேலையின் விதி அது. ஒரு மனிதனின் வாழ்க்கையிலேயே மோசமான நாளில் உள்ளே போவோம். அந்த நாள் முடிவதற்குள் வெளியே வந்துவிடுவோம். பிறகு அவருக்கு என்ன ஆயிற்று என்று தேடிப்போகக் கூடாது, விசாரிக்கக் கூடாது, வெளியில் யாரிடமும் சொல்லக் கூடாது. எனக்கு வீட்டில் மனைவியும் இரண்டு வாலுப் பிள்ளைகளும் இருந்தார்கள். கதவைத் திறந்ததும் அந்த இரைச்சலில் எல்லாம் கரைந்துவிடும். வெர்னா ஆற்றங்கரையில் இருந்த தகர வீட்டுக் குடியிருப்பில் தனியாக இருந்தார். ஒருமுறை அவரை வீட்டில் இறக்கிவிட்டபோது உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. "யாரு வந்திருக்காங்க?" என்றேன். "ரேடியோ. போகும்போது போட்டுட்டுத்தான் போவேன். வரும்போது வீடு சும்மா கெடந்தா பிடிக்காது" என்றார்.

வெர்னாவின் மகள் டாரா அலாஸ்காவில் மீன் பதப்படுத்தும் ஆலையில் இருந்தாள். வாரம் ஒருமுறை போன் வரும். ஒருநாள் வேனில் இருந்தபோதே வந்தது. வெர்னாவுக்கு ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும் என்பதால் நானும் கேட்க வேண்டியதாயிற்று.

"என்னம்மா நடந்துச்சு இந்த வாரம்?"

"ஒன்னும் இல்ல. மழை."

"ஒரு வாரமா மழை மட்டும்தான் நடந்துச்சா?"

"உனக்கு எப்பிடி இருக்கு?"

"எனக்கு நல்லாத்தான் இருக்கு." அதோடு அவள் விடவில்லை. "ஊர்ல பாலத்து மேல ஏறுறவங்ககிட்ட எல்லாம் நாள் பூரா பேசற. நானும் ஒரு பாலத்துல ஏறி நிக்கட்டுமா?"

"டாரா, அப்பிடிப் பேசாத."

"தமாசுக்குச் சொன்னேம்மா. வச்சிடறேன்."

வெர்னா போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, நெடுநேரம் வைப்பர் போய் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை. வந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று இருவருமே நினைத்தோம்.

நகராட்சியில் பணமில்லை என்று ஒரு வசந்த காலத்தில் வேனை நிறுத்தினார்கள். கூட்டம் போட்டு எங்களைப் புகழ்ந்தார்கள், கைதட்டினார்கள், நிறுத்திவிட்டார்கள். நான் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனேன். வெர்னா நெடுஞ்சாலையோரம் ஒரு செடிப் பண்ணையில் தண்ணீர் ஊற்றும் வேலைக்குச் சேர்ந்தார். "செடிங்க பரவால்ல டாக்டரே. நாளைக்கும் அங்கயேதான் இருக்கு" என்றார்.

அடுத்து நடந்ததை அவரே ஒரு உணவகத்தில் பான்கேக் ஆறிக்கொண்டிருக்க எனக்குச் சொன்னார்.

இலையுதிர் காலத்தில் ஒரு விடுமுறை நாள். பக்கத்துத் தகர வீட்டில் ஏதோ உடைகிற சத்தம். அவருக்கு முதலில் கேட்கவில்லை. ஜன்னலில் சிவப்பு நீல விளக்கு சுழன்ற பிறகுதான் வெளியே வந்திருக்கிறார். இரண்டு போலீஸ் கார்கள். நான்கு பேர் கார்க் கதவுகளுக்குப் பின்னால் குனிந்து நின்றார்கள். ஒருவர் கையில் நீளத் துப்பாக்கி. பக்கத்து வீட்டுக்காரர் உள்ளாடையோடு படியில் நின்று, சமையலறைக் கத்தியைத் தன் கழுத்திலேயே வைத்துக்கொண்டிருந்தார். "கத்தியைப் போடு! கத்தியைப் போடு!" என்று நால்வரும் ஒரே சமயத்தில் கத்தினார்கள்.

வெர்னா செருப்போடு தன் வீட்டுப் படியில் இறங்கினார்.

"உள்ள போங்கம்மா!"

"நான் இங்கயே உக்காந்துக்கறேன். கிட்ட வரமாட்டேன்." படியிலேயே உட்கார்ந்தார். அவருக்கும் அந்த மனிதருக்கும் நடுவில் ஒரு வேலியும் காய்ந்த புல்லும்தான்.

வாயைத் திறந்தபோதுதான் அவருக்கு விஷயம் உறைத்திருக்கிறது. பதினோரு வருடமாகப் பக்கத்து வீடு. அந்த மனிதரின் பெயர் தெரியாது.

"சார், நான் வெர்னா."

அவர் கண் மட்டும் திரும்பியது.

"எந்த வெர்னா?"

"பக்கத்து வீடு. இதோ இந்த வீடு."

"தெரியாது."

"ஆமா. என் தப்புதான். நானும் வந்து பேசினதில்ல, பேரு கேட்டதில்ல. இப்பக் கேக்கறேன். உங்க பேரு என்ன?"

கார்களுக்குப் பின்னால் கத்தல் குறைந்தது. அவர்களில் ஒருவருக்காவது என்ன நடக்கிறதென்று புரிந்திருக்க வேண்டும்.

"எமெட்."

"எமெட், கால் வெறுங்காலா இருக்கே. படி ஜில்லுனு இருக்கும். உக்காந்துக்கலாமே? நானும் உக்காந்துதான் இருக்கேன்."

எமெட் அந்தக் கத்தியோடேயே உட்கார்ந்தார். அவர்கள் என்ன பேசினார்கள் என்று வெர்னா முழுவதும் சொல்லவில்லை. வேலை போனதையும், தூக்கம் வராததையும், சுவருக்குள் யாரோ நடப்பதையும் எமெட் சொன்னாராம். உங்க வீட்டு ரேடியோ எனக்குக் கேக்கும், அது நின்னா பயமா இருக்கும் என்றாராம். கடைசியில் கத்தி புல்லில் விழுந்தது.

விழுந்த நொடியே நால்வரும் பாய்ந்தார்கள். எமெட்டைக் குப்புறத் தள்ளி விலங்கு போட்டார்கள். "அவருக்கு ஒரு பேன்ட் போட்டுவிடுங்க. ஷூ போட்டுவிடுங்க" என்று வெர்னா வேலியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ஒரு போர்வை மட்டும் போர்த்திக் காரில் ஏற்றினார்கள். உயிரோடு ஏறினார். அதுவே பெரிது என்று நான் சொன்னேன். "ஆமா, பெருசுதான்" என்றார் வெர்னா, என்னைப் பார்க்காமல்.

இந்தமுறை தேடிப்போகக் கூடாது என்ற விதி அவருக்கு இல்லை. எமெட்டின் ஷூவையும் ஒரு சட்டையையும் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். மேசைக்குப் பின்னால் இருந்த பெண், "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். "பக்கத்து வீடு." உறவினர் இல்லையென்றால் எதுவும் சொல்ல முடியாது என்றாள். பையை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

எமெட் திரும்பி வந்தபோது பனிக்காலம் தொடங்கியிருந்தது. மெலிந்து போயிருந்தார். வெர்னா வேலி வரை போனார்.

"எமெட், எப்பிடி இருக்கீங்க?"

"ஊரே என்னை ஜட்டியோட பாத்துச்சு" என்றார் அவர். "நீங்களும் பாத்தீங்க. உங்களைப் பாக்கறப்பல்லாம் அதுதான் ஞாபகம் வருது. கோவிச்சுக்காதீங்க."

"கோவம் இல்ல."

"ஷூ கொண்டாந்து குடுத்தீங்களாம். சொன்னாங்க."

அவ்வளவுதான் பேச்சு. கிறிஸ்துமஸுக்கு முன் அவருடைய அண்ணன் ஐடஹோ மாநிலத்திலிருந்து லாரியோடு வந்து அவரை அழைத்துப் போய்விட்டார். அங்கே நன்றாக இருக்கிறாரா என்று வெர்னாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

அந்த வீட்டுக்கு ஒரு இளம் தம்பதி குடிவந்தார்கள். அவர்கள் பெட்டிகளை இறக்கிய அன்றே வெர்னா சீஸும் மக்ரோனியும் வைத்து ஓவனில் வேகவைத்து, பாத்திரத்தோடு போய்க் கதவைத் தட்டினார். "நான் வெர்னா. அடுத்த வீடு" என்றார். அந்தப் பெண் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "ஐயோ, எதுக்கு இதெல்லாம்! ரொம்ப தேங்க்ஸ்" என்று சிரித்தாள். வெர்னா இன்னும் கொஞ்சம் நேரம் நின்றார். கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது.

இரண்டு நாள் கழித்துச் செடிப் பண்ணையிலிருந்து திரும்பியபோது, பாத்திரம் அவர் வீட்டுப் படியில் பளபளவென்று கழுவி வைக்கப்பட்டிருந்தது. உள்ளே ஒரு துண்டுச் சீட்டாவது இருக்குமோ என்று மூடியைத் திறந்து பார்த்ததாகச் சொன்னார். இல்லை.

"அந்தப் பொண்ணு பேரு சொல்லலியா?" என்றேன்.

"இன்னும் சொல்லல" என்றார் வெர்னா, தலையைச் சாய்த்து, நான் வேறு ஏதாவது சொல்கிறேனா என்று என் உதட்டைப் பார்த்துக்கொண்டு.