லூப்பின் மேல் போட்ட பழி

காலை பத்து இருபது. தாம்பரம் கிளினிக்கில் நான் முதலில் பார்த்தது, அடிவயிற்றை அழுத்திப் பிடித்தபடி பெஞ்சில் சாய்ந்திருந்த என் மனைவி கிரேஸை. மூன்று நாளாகக் காய்ச்சல். அது 1970.

"கர்ப்பத்தடைக்கு லூப் போட்டதுலேர்ந்து இப்படித்தான் டாக்டர்," என்றேன்.

கிளினிக் ஆயா சிரித்தாள். "பல்லு வலிச்சாகூட லூப்பைத்தான் திட்டிகினு வர்றாங்க சார்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. என்னைத் தனியே அழைத்தார்.

"லூப் போட்டதுக்கப்புறம் நீங்க நிரோத் உறை போட்டீங்களா?"

"லூப்தான் இருக்கே, அது எதுக்கு?"

"லூப் குழந்தையைத்தான் தடுக்கும், நோயைத் தடுக்காது. வெளியில எங்கயாவது போனீங்களா? உண்மையைச் சொன்னாத்தான் சரியான மருந்து கொடுக்க முடியும்."

ஆபீஸ் வேலையாக வெளியூர் போன இடத்தில் செய்த தவறையும், பிறகு அதில் வந்த நோய்க்குப் பல்லாவரத்தில் ரகசியமாக ஊசி போட்டுக்கொண்டதையும் சொன்னேன். அன்று மாலை கிரேஸிடமும் சொன்னேன். அவள் அந்த வேளை மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

பத்து நாளில் எழுந்து நடமாடினாள். விசாரிக்க வந்த தெருப் பெண்களிடம், "லூப் ஒத்துக்கல அக்கா," என்று மட்டும் சொன்னாள். நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த மாதமே அவர்களில் இரண்டு பேர் லூப்பை எடுத்துவிட்டார்கள்.