அவருக்குப் பொருந்திய நாய்

நாய் வளர்க்கலாம் என்று முதலில் சொன்னது நான்தான். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலை பார்த்த என் கணவர், முட்டிவலியால் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். பிள்ளைகள் வெளியூரில். நான் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி முடிந்து லாஸ்பேட்டை வீட்டுக்குள் நுழையும்போது, ஓடிவந்து என் மேல் தாவ ஓர் உயிர் வேண்டும் என்று ஆசை.

அவருக்கு அல்சேஷன் மேல்தான் கண். எதற்கும் ஒருவரைக் கேட்டுவிடலாமே என்று கால்நடை டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் நாயைப் பற்றிப் பேசுவதற்கு முன் எங்களைப் பற்றி விசாரித்தார். வீட்டில் இடம் எவ்வளவு, பகலில் யார் இருப்பார்கள், யார் நடக்கக் கூட்டிப்போவார்கள் என்றெல்லாம்.

"அல்சேஷன் ஒரு இழு இழுத்தா சார் விழுந்துடுவாரும்மா. முடி அடர்த்தியா இருக்கறதும் வேணாம், நம்ம ஊர் வெயில் தாங்காது. மாடி வீடா?"

"இல்ல சார், கீழ்வீடுதான்."

"அப்ப டாஷ்ஹண்ட் பாருங்க. அதுக்குப் படி ஏறி எறங்கினா முதுகு போயிடும். உங்க வீட்டுக்கு ஒத்துவரும்."

நீள உடம்பும் குட்டைக் காலுமாக ஒரு பழுப்புக் குட்டியை நான்தான் பொறுக்கி எடுத்தேன். வீடு வரைக்கும் என் மடியிலேயே தூங்கியது. எனக்கென்றே செய்தது மாதிரி இருந்தது.

பகலெல்லாம் வீட்டில் இருப்பவர் அவர் என்பதை நான் யோசிக்கவே இல்லை. ஒரே மாதத்தில் அது அவருடையதாகிவிட்டது. அவர் நொண்டி நொண்டி நடக்கும் வேகமும் அதன் கால் வேகமும் ஒன்றாக இருந்தன. நான் உள்ளே நுழைந்தால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மறுபடி அவர் பாதத்தில் மோவாயை வைத்துக்கொள்ளும். ஈரல் வாங்கிவந்து வேகவைத்துப் போட்டேன். தட்டை நக்கிவிட்டு அவரிடம் போய்விட்டது. வயிறு எரிந்தது.

அவர் மேல் பொறாமைப்பட்டது போதாதென்று, நாயின் மேலும் பொறாமை வந்தது. ஒருநாள் மதியம் செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து அவர் குரல்.

"சாப்டியாடா கண்ணு? போதுமா? இன்னும் கொஞ்சம் வைக்கட்டா?"

இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

"என்னை ஒரு நாளாவது சாப்டியான்னு கேட்டிருக்கீங்களா?" என்றேன்.

அவர் திகைத்துப் பார்த்தார். "நீ ஆஸ்பத்திரியிலேயே சாப்ட்டுட்டு வந்துடற. இது வாயத் தொறந்து சொல்லாதுல்ல, அதான் கேக்கறேன்."

"நான் மட்டும் சொல்றனா?"



மறுநாள் சாயங்காலம் நடக்கக் கிளம்பியபோது, "இன்னிக்கி நீ புடி" என்று நாயின் வாரை என் கையில் கொடுத்தார். ஏர்போர்ட் பக்கம் நடந்தோம். அது கொஞ்ச தூரம் என்னோடு வரும். பிறகு நின்று, பின்னால் வரும் அவரைத் திரும்பிப் பார்க்கும். இழுத்துப் பார்த்தேன், நகரவில்லை. அப்போதும் எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. வேறு வழியில்லாமல் நானும் அதோடு நின்று, அவர் வந்து சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.