தறியைப் பார்த்து எடுத்த மாப்பிள்ளை

என் தங்கை காவேரிக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனபோது அவன் முகத்தை நாங்கள் சரியாகப் பார்க்கவில்லை. தறியைத்தான் பார்த்தோம். பிள்ளையார்பாளையத்தில் எங்களைப் போன்ற நெசவுக் குடும்பங்களுக்கு அதுதான் பழக்கம். சின்ன காஞ்சிபுரத்தில் குமரகுருவின் வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா தறியில் இருந்த சேலையின் கரையைக் கட்டைவிரலால் தடவினார். அந்த நேரம் பார்த்துப் பாவு நூலில் ஓர் இழை அறுந்தது. குமரகுரு முணுமுணுக்கக்கூட இல்லை. பொறுமையாக நுனியைத் தேடி எடுத்து முடிந்தான்.

தெருவுக்கு வந்ததும் அப்பா என்னிடம் சொன்னார். “இழை அறுந்தா கோவப்படாதவன் பொண்டாட்டிகிட்டயா கோவப்படப் போறான்? முடிச்சிடலாம்மா.”

நானும் மண்டையை ஆட்டினேன். இந்திராணி என்கிற இந்தப் பெரிய மனுஷிக்கு அப்போது நாற்பது வயது. தெருவில் யார் வீட்டு வம்பென்றாலும் தீர்த்து வைக்கிற வாய். அந்த வாயில் கொள்ளியைத்தான் வைக்க வேண்டும்.

அம்மா போன பிறகு காவேரியை வளர்த்தது நான். பி.காம். முடித்துவிட்டு ஒரு பட்டுக் கடையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். சிரித்தால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். வாயில் சோறு இருக்கும்போதும் பேசுவாள். நிச்சயமானதும் குமரகுரு ஒரு நாளைக்கு இருபது தடவை போன் செய்தான். எடுக்காவிட்டால் கடை எதிரிலேயே வந்து நின்றான். வாட்ஸ்அப்பில் இருந்த படத்தை எடுக்கச் சொன்னான், பிறகு வேலையையே விடச் சொன்னான்.

“எனக்கு என்னமோ மாதிரி இருக்குதுக்கா. யாருகிட்ட பேசினாலும் என்னா பேசினேன்னு கேக்கறாரு.”

“ஆசைடி அது. உங்க மாமா என்னை ஒரு நாளாவது அப்படித் தேடியிருக்காரா? குடுத்து வெச்சவ நீ.”

அவள் பயந்து சொன்னதற்கு ஆசை என்று பெயர் வைத்தவள் நான்தான்.

கரையைத் தனி நிறத்தில் கோத்து நெய்கிற கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒரு பக்கக் கரைக்கு, ஊடை நூல் சுற்றிய நாடாவை வீச நெய்பவர் பக்கத்திலேயே இன்னொருவர் உட்கார வேண்டும். கல்யாணமான மறுவாரமே காவேரி அந்த இடத்தில் உட்கார்ந்தாள். பொழுதுக்கும் இருவரும் ஒரே தறியில். ஜோடி என்றால் இதுதான் என்று ஊரே சொன்னது. என் மகள் அனுவின் மஞ்சள் நீராட்டுக்கு வந்தவளை அரை மணி நேரத்தில் கிளப்பிவிட்டான். “கரைக்கு ஆள் இல்லக்கா,” என்று சிரித்தபடியே சொன்னான். பந்தியில் அவள் வாயே திறக்கவில்லை. பாயசம் ஊற்றும்போது அவனைப் பார்த்துவிட்டுத்தான் டம்ளரை நீட்டினாள். அதை நான் பார்த்தேன். வெட்கம் என்று விட்டுவிட்டேன். கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்து என்ன வெட்கம் என்று யோசிக்கிற புத்தி எனக்கு இல்லை.

அந்த ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் அப்பா வீட்டில் இருந்தபோது ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். காலில் செருப்பு இல்லை. மணிக்கட்டு கன்றிப் போயிருந்தது.

“நாடா தப்பிச்சுன்னா எழுந்திருக்க வுடமாட்டாருபா,” என்றாள் அப்பாவிடம். “தண்ணி குடிக்க, பாத்ரூம் போவ, எதுக்கும் வுடமாட்டாரு. கத்தவே மாட்டாரு. கையைப் புடிச்சு அழுத்திக்கினே மெதுவா பேசுவாரு. நான் இங்கியே இருந்துக்கட்டுமா?”

அப்பா கேட்டார், “தறியில சேலை எவ்ளோ வந்திருக்குது?”

“பாதி.”

பாதிச் சேலையை விட்டுவிட்டுத் தறியிலிருந்து எழுந்து வந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பார் அப்பா. அவருடைய அப்பாவும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

“பாதியில வுட்டுட்டு வரக்கூடாதுமா. முடிச்சுட்டு வா. அப்புறம் உக்காந்து பேசிக்கலாம்.”

காவேரி என்னைப் பார்த்தாள். “இருடி” என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அப்பா மறுத்திருக்க மாட்டார். என் செருப்பைக் கழற்றிக் கொடுத்து ஆட்டோ ஏற்றிவிட்டேன்.

பதினோராவது நாள் அவள் இடது கையில் மூன்று விரல்களை உடைத்துவிட்டான். நாடா மறுபடியும் தப்பியதாம். அக்கம்பக்கத்தார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். எங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று அவளே தடுத்திருக்கிறாள். ஊர்வாய் வழியாகத் தெரிந்து நாங்கள் அலறிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அவள் அங்கே இல்லை. போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டு யாரோ ஒரு நர்ஸின் துணையோடு போய்விட்டிருந்தாள்.

ஏழு மாதம் கழித்துத்தான் ஒரகடத்தில் ஒரு பெண்கள் விடுதியில் அவளைக் கண்டுபிடித்தேன். ஒரு கம்பெனியில் வேலை. என்னை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தாள். அந்த மூன்று விரல்களும் மடங்கவில்லை.

“தப்பு பண்ணிட்டேன்டி. வூட்டுக்கு வந்துடு. நாங்கல்லாம் இருக்கோம்ல.”

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

“இங்க சேரும்போது ஒரு ஃபாரம் குடுத்தாங்கக்கா,” என்றாள். “அவசரம்னா யாரைக் கூப்பிடணும்னு எழுதச் சொன்னாங்க. ரொம்ப நேரம் யோசிச்சேன். எழுத யாரும் இல்ல. அந்த எடத்தை அப்படியே வுட்டுட்டேன்.”