குங்குமம் அழியாத பாட்டில்

எங்கள் ஆஸ்பத்திரியில் ஆயுத பூஜைக்கு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிடுவார்கள். பி.பி. மெஷின், ஸ்ட்ரெச்சர், எடை மெஷின், கடைசியில் கட்டிலுக்குக் கட்டில் தொங்குகிற சானிடைசர் பாட்டில்கள். அமுக்குகிற தலைப்பகுதியில் சந்தனம், அதன்மேல் குங்குமம். மார்கழி பிறந்த பிறகும் பிரசவ வார்டில் அந்தப் பொட்டு ஒன்றுகூடக் கலையவில்லை. ஒரு விரல் பட்டிருந்தாலும் கலைந்திருக்கும். கும்பிடத்தான் பாட்டில் வாங்கிப் போட்டிருந்தார்கள் போல.

இதைக் கண்காணிப்பதுதான் என் வேலை. தொற்றுத் தடுப்பு நர்ஸ் என்று பெயர், கையில் ஒரு அட்டை, அட்டையில் ஒரு படிவம். நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் கையைச் சுத்தம் செய்தார்களா, தொட்ட பிறகு செய்தார்களா என்று பார்த்து டிக்கோ பெருக்கல் குறியோ போட வேண்டும். நான் வார்டு வாசலை மிதிப்பதற்குள் கூட்டுகிற அக்கா உள்ளே குரல் கொடுத்துவிடுவாள்: "அட்டைக்காரம்மா வர்றாக!" உடனே குழாயடியில் கூட்டம் சேரும். நான் திரும்பியதும் கலையும். படித்து, வெள்ளைக்கோட்டு மாட்டிக்கொண்டு, என்ன ஒரு மானங்கெட்ட பிழைப்பு!

அந்த நாடகத்தில்கூடச் சேராதவர் பெரிய டாக்டர் ஒருவர்தான். எங்கள் பள்ளத்தாக்கு முழுக்க அவருக்குக் கைராசிக்காரர் என்று பேர். வருசநாட்டிலிருந்தும் குமுளியிலிருந்தும் பஸ் ஏறி வருவார்கள், அந்தக் கை தங்கள்மேல் பட்டால் போதும் என்று. அந்தக் கையை நான் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். நவரத்தின மோதிரம். மணிக்கட்டில் சாயம்போன கோயில் கயிறு, அது நிறைய அழுக்கு. ஒரு தடவை துணிந்து சொல்லிப் பார்த்தேன்.

"ஏம்மா, கழுவிக் கழுவியா இந்தக் கைக்கு இம்புட்டுப் பேரு வந்துச்சு?" என்று சிரித்தார். சுற்றி நின்ற நர்சுகளும் சிரித்தார்கள். மேட்ரன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மேலருந்து ஆய்வுக்கு வர்றாக. பெரியவரு பேருக்கு நேரா பெருக்கல் குறி கிறி போட்டு வைக்காத" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்ட வேலைக்குப் போகிற ஒரு பெண் எங்கள் வார்டில் கிடந்தாள். சிசேரியன் செய்த தையலில் சீழ் வைத்து, பிரித்துச் சுத்தம் செய்து, மறுபடி தைத்திருந்தது. இன்னொரு தடவை சீழ் பிடித்தால் பிழைப்பது கஷ்டம், மதுரைக்குத்தான் அனுப்ப வேண்டும். ஒன்பது நாள் நானே முழங்கை வரை கழுவிக்கொண்டு அவளுக்குக் கட்டுப் போட்டேன். தையல் நன்றாகக் காய்ந்து வந்தது. இன்னும் நாலு நாளில் குழந்தையோடு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தேன்.

அன்றைக்குப் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். பின்னால் அட்டையோடு நான். பக்கத்துக் கட்டில்காரியின் சீழ் கோத்த மார்க்கட்டியை வெறுங்கையால் அமுக்கிப் பார்த்தவர், அப்படியே இவளிடம் வந்தார். இவளுடைய அம்மா எழுந்து கும்பிட்டாள். "ஐயா, உங்க கையால ஒரு தடவ தொட்டுப் பாருங்கய்யா. எம்மகளுக்குப் பூரணமா கொணமாயிரும்."

அவர் கட்டை விலக்கித் தையல்மேல் விரலை ஓட்டினார். அவர் இடுப்புக்கு நேராகப் பாட்டில் பொட்டோடு தொங்கிக்கொண்டிருந்தது. "சார், கை" என்று சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? கண்காணிப்பவர் குறுக்கிடக் கூடாது என்று படிவத்தின் அடியில் அச்சடித்திருந்தது. எனக்கு அது வசதியாகப் போயிற்று. குனிந்து படிவத்தை நிரப்பினேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் தூக்கிப்போட்டது. தையல் வழியாகச் சீழ் வடிந்தது. அந்தக் கையால்தான் வந்தது என்று யாரும் நிரூபிக்க முடியாது. "அவ உடம்புவாகு அப்படி" என்று டாக்டர் மதுரைக்கு எழுதிக்கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். அவள் மதுரையில் பிழைத்துக்கொண்டாள் என்று பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு எங்களில் யாருக்கும் அந்த நம்பிக்கை இல்லை.

ஆம்புலன்சில் ஏறப்போன அவளுடைய அம்மா, பச்சைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் திரும்பி வந்தாள்.

"ஐயா கை பட்டுமா இப்பிடி ஆகும்? எனக்கு ஒண்ணும் வெளங்கல ஆத்தா. அன்னிக்கு ஐயா தொட்டப்ப நீங்க பக்கத்துலயே நின்னு எழுதுனீகளே, என்னத்த எழுதுனீக?"

"ஒண்ணுமில்லம்மா, ஆபீஸ் வேல" என்றேன்.

கழுவினார் என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தேன்.